அழிக்க முதல் ஒருக்கா பார்ப்போம்

போன தவணை எங்கள் கணினி ஆய்வுகூடத்தில் நடந்தது சிலருக்குத் தெரியும். உபுண்டு போட்ட ஒரு மெஷினில் இடம் நிரம்பிவிட்டதென்று பழைய பேக்கப் கோப்புகளை அழிக்கச் சொன்னோம். மாணவர் ஒருவர் 'ஃபைண்ட்' கட்டளையை எழுதும்போது 'டிலீட்' என்பதை முன்னுக்கும் 'நேம்' என்பதைப் பின்னுக்கும் போட்டுவிட்டார். அந்தக் கோப்புறையில் இருந்த அத்தனையும் போய்விட்டது, தரம் 10 புள்ளிப் பட்டியலோடு சேர்த்து.

இப்போது ஆசிரியர் அறையில் ஒரு கதை: பிள்ளைகளுக்கு டெர்மினலைக் கொடுக்கவே கூடாதாம்.

நாங்கள் இதை ஏற்கவில்லை. பிழை பிள்ளையில் இல்லை, எங்களில். ஃபைண்ட் இடமிருந்து வலமாகத்தான் போகும். "பெயர் இப்படியிருந்தால் அழி" என்பது வேறு, "அழி, பிறகு பெயரைப் பார்" என்பது வேறு. இதை நாங்கள் எந்தப் பாடத்தில் சொன்னோம்? கூகுளில் எடுத்த வரியைப் பலகையில் எழுதினோம், பிள்ளைகள் கொப்பியில் எழுதினார்கள். அவ்வளவுதான். டெர்மினலில் அழித்தால் குப்பைத் தொட்டிக்குப் போகாது என்பதைக்கூட நாங்கள் சொல்லவில்லை.

சொல்லியிருக்க வேண்டியது பெரிய விடயமில்லை. எந்தக் கோப்புறையில் நிற்கிறோம் என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு 'டிலீட்' இல்லாமல் அதே கட்டளையை ஓடவிட்டால் அகப்படும் கோப்புகளின் பட்டியல் வரும். அதை வாசிக்க வேண்டும், சும்மா பார்த்துவிட்டுப் போவதில்லை. சரியென்றால் மேல் அம்பு விசையை அழுத்தி, அதே வரியின் கடைசியில் 'டிலீட்' சேர்க்கலாம். கொஞ்சக் கோப்புகள்தான் என்றால் 'எக்ஸெக்' போடும் இடத்தில் 'ஓகே' போட்டால் ஒவ்வொன்றுக்கும் கேட்டுக் கேட்டு அழிக்கும்.

இன்னொன்று. எங்கள் பிள்ளைகள் வைக்கும் பெயர்களில் இடைவெளி இல்லாமல் இருக்காது. "தரம் 10 புள்ளி" என்ற கோப்பை ஃபைண்டிலிருந்து 'எக்ஸ்ஆர்க்ஸ்' வழியாக 'ஆர்எம்'முக்கு அப்படியே அனுப்பினால் அது மூன்று பெயராக உடையும். "10" என்று வேறொரு கோப்பு இருந்தால் அது போய்விடும். 'பிரிண்ட்0' போட்டு, எக்ஸ்ஆர்க்ஸுக்கு '-0' கொடுத்தால் இந்தச் சிக்கல் இல்லை. (கோப்புக்கு ஒழுங்காகப் பெயர் வைக்கவும் பழக்கலாம், அது வேறு கதை.)

டெர்மினலைப் பூட்டி வைத்தால் இந்தப் பிள்ளைகள் நாளைக்கு வேலைக்குப் போன இடத்தில் இதே பிழையை விடுவார்கள். அங்கே போவது ஒரு வகுப்பின் புள்ளியாக இருக்காது.

அல்ஹம்துலில்லாஹ், கடதாசியில் புள்ளிகள் இருந்தன. மூன்று பின்னேரம் எடுத்தது. அந்தப் பிள்ளையே பக்கத்தில் இருந்து வாசிக்க, நாங்கள் தட்டினோம்.