கைப்பையிலிருந்த எண்ணெய்க் குப்பி



ஒருமுறை மும்பையிலிருந்து வெளிநாடு புறப்பட்டபோது, வியாதியஸ்தருக்காக ஜெபிக்கையில் பூசும் ஒலிவ எண்ணெயைக் கைப்பையில் வைத்திருந்தேன். 200 மில்லி கொள்ளும் குப்பி. கால் பங்கு எண்ணெயே மீதியிருந்தது. பாதுகாப்புச் சோதனையில் அதை எடுத்து வைத்துவிட்டார்கள். "50 மில்லிதானே இருக்கிறது?" என்று வாதாடினேன். உள்ளிருப்பதின் அளவல்ல, குப்பியின் அளவே கணக்கு என்று அதிகாரி பொறுமையாய் விளக்கினார்.

எனக்குப் பின்னே நின்ற ஒரு தாயாரின் இழப்போ பெரியது. பிரசவத்திற்குக் காத்திருக்கும் மகளுக்கென்று ஊரிலிருந்து கொண்டுவந்த நார்த்தங்காய் ஊறுகாயும் நல்லெண்ணெயும் குப்பைத் தொட்டிக்குப் போயின. அவர்கள் கண்கள் கலங்கின. முந்தின இரவே யாராவது சொல்லியிருந்தால், அவை பெரிய பெட்டியில் பத்திரமாய்ப் போயிருக்குமே! ஆகையால் இதை எழுதுகிறேன்.

இந்த விதிக்குக் காரணம் உண்டு. லண்டனிலிருந்து அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் செல்லும் விமானங்களைத் தகர்க்கும் சதியொன்று 2006 ஆகஸ்டில் முறியடிக்கப்பட்டது. ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த வெடிதிரவத்தைக் குளிர்பானப் புட்டிகளில் மறைத்துக் கொண்டுபோவதே சதிகாரரின் திட்டம். சாதாரண எக்ஸ்ரே கருவி அதையும் தண்ணீரையும் எளிதில் வேறுபடுத்தாது. எனவே முதலில் திரவங்கள் அனைத்தும் தடுக்கப்பட்டன. பின்பு, அவ்வாண்டு நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் 100 மில்லி விதியை நடைமுறைப்படுத்தியது. நம் நாட்டிலிருந்து புறப்படும் பன்னாட்டு விமானங்களுக்கும் இவ்விதி உண்டு.

கைப்பையிலுள்ள ஒவ்வொரு குப்பியும் 100 மில்லிக்கு மேற்படலாகாது. அவை யாவும் 1 லிட்டர் கொள்ளும், திறந்து மூடத்தக்க ஒரே கண்ணாடிப் பைக்குள் அடங்கவேண்டும். தயிர், நெய், தேன், ஜாம், ஊறுகாய், பற்பசை ஆகியவையும் திரவமாகவே எண்ணப்படும். வரியில்லாக் கடையில் வாங்கியவற்றை ரசீதோடு முத்திரையிட்ட பையிலேயே வைத்திருங்கள். வழியில் விமானம் மாறுவோர் கடைசி இடம் சேருமட்டும் அதைப் பிரிக்கவேண்டாம்.

குழந்தையின் பாலுக்கும் பயணத்திற்குத் தேவையான மருந்துக்கும் விலக்கு உண்டு. சோதனைக்குமுன் அவற்றைத் தாமாகவே எடுத்துக் காண்பிக்கவேண்டும். மருத்துவரின் சீட்டும் கையில் இருக்கட்டும். பயத்தினாலே இன்சுலினைப் பெரிய பெட்டியில் போட்டுவிடாதிருங்கள். சரக்கறைக் குளிரில் அது உறைந்து கெடக்கூடும். பெட்டி வரத் தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

எடின்பரோ போன்ற சில விமான நிலையங்கள், புதிய சி.டி. கருவிகளின் உதவியால், 2025 முதல் 2 லிட்டர் வரை அனுமதிக்கின்றன. ஆயினும் விமானம் மாறும் இடத்தில் பழைய விதியே இருக்கலாம், அதற்கேற்பவே ஆயத்தப்படுங்கள்.

வாலிபரே, ஊரிலிருந்து வந்து உங்கள் வீட்டில் தங்கி விமானமேறும் பெரியவர்களின் கைப்பையை முந்தின இரவே அவர்களோடு அமர்ந்து திறந்து பாருங்கள். பத்து நிமிடம் போதும். ஒரு தாயின் கண்ணீர் மிச்சமாகும்.