தேள் வாங்கப் போறீங்களா?

லண்டனில் எங்கட ஆக்களோட கார் பற்றிக் கதைத்தால் இரண்டு நிமிசத்தில் கதை முடிந்துவிடும். ரொயோட்டா வாங்கு, இல்லாட்டி ஹொண்டா வாங்கு. ஃபியட் என்ற பெயரை எடுத்தாலே பெரியப்பா சிரிக்கத் தொடங்கிவிடுவார். அதுவும் தேள் சின்னம் குத்தின அபார்த் 595, ஏழு வருசம் ஓடினது, மூன்று கை மாறினது என்றால், "உனக்கென்ன விசரே?"

நான் வாங்கினேன். வாங்கினது சரி என்றுதான் இப்பவும் நினைக்கிறேன். ஆனால் ஒருக்கா பெரிய பிழை ஒன்று விடப் பார்த்தேன். அதற்கும் இத்தாலிக்காரனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

தெரியாதவர்களுக்கு: கார்லோ அபார்த் 1908 நவம்பரில் வியன்னாவில் பிறந்தவர். விருச்சிக ராசி, அதனால்தான் தேள். (அவர்கள் சூரியனை வைத்து ராசி பார்ப்பவர்கள், எங்கட சாத்திரி ஒத்துக்கொள்ள மாட்டார்.) 1949 இல் கம்பனி தொடங்கி, சின்ன ஃபியட் கார்களை வேகமாக்கியும் சைலன்சர் விற்றும் பெயர் எடுத்தார். 1971 இல் ஃபியட் அதை வாங்கியது. 2008 இல் புதிய ஃபியட் 500 க்குள் 1.4 லீற்றர் ரேபோ எஞ்சினை வைத்து, 135 குதிரைவலுவோடு தேளைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். பிறகு வந்த 595 கொம்பெட்டிசியோனேயில் அது 180. பாரம் ஒரு தொன்னுக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். அந்தச் சின்ன உடம்புக்கு அந்த எஞ்சின் கூடத்தான். அந்தக் கூடுதலுக்குத்தான் காசு.

இனி புதுசாக வாங்கலாம் என்று பார்த்தால் 2024 ஓடு பெற்றோல் அபார்த் 595 முடிந்துவிட்டது. இப்ப வாறது மின்சாரக் கார். அதில் வெளியே ஒரு ஸ்பீக்கர் பூட்டி, பழைய பெற்றோல் எஞ்சினின் சத்தத்தைப் போடுகிறார்கள். கோயில் மேளத்தை ரெக்கோர்ட்டில் போடுவது மாதிரி. ஆக, உண்மையான சத்தம் வேணுமென்றால் பழசுதான்.

குறைகளை மறைக்க மாட்டேன். சீற் உயரம். குசினி ஸ்ரூலில் இருந்து ஓடுகிற மாதிரி இருக்கும். ஸ்ரெயரிங்கை ஏற்றி இறக்கலாம், கிட்ட இழுக்க ஏலாது. ரோட்டில் இருக்கிற ஒவ்வொரு பள்ளத்தையும் முதுகெலும்பு எண்ணும். பெற்றோல் ராங்க் 35 லீற்றர்தான், கால் வைத்து அமத்தினால் அதுவும் கன தூரம் வராது. பின் சீற் மரக்கறிப் பைக்கு மட்டும்.

வாங்கேக்க பார்க்க வேண்டியதுகள் இருக்கு. ரைமிங் பெல்ற் மாற்றின பில் இருக்கா? மைல் குறைவு என்று ஏமாற வேண்டாம், பெல்ற்றுக்கு வயதும் கணக்கு. நம்பர் பிளேற்றை அரசாங்க இணையத்தளத்தில் அடித்தால் பழைய எம்.ஓ.ரி சோதனை எல்லாம் இலவசமாக வரும். ஒவ்வொரு வருசமும் ஒரே குறை எழுதிக் கிடந்தால் ஆள் கவனமில்லை என்று அர்த்தம். நாலு ரயரும் நாலு கம்பனி என்றால் நான் கதவைத் திறந்தும் பார்க்க மாட்டேன். முக்கியமானது, எஞ்சினின் கொம்பியூட்டரை ஆரும் நோண்டினதா என்பது. நான் முதல் பார்த்த காரை விற்ற பெடியன் "கை படாத கார் ப்ரோ" என்று சத்தியம் பண்ணினான். கூட வந்த மெக்கானிக் அண்ணா பொனற்றைத் திறந்து, கம்பனி போடாத மூன்று சாமானை வரிசையாகக் காட்டினார். பெடியன் ஒன்றும் கதைக்கவில்லை. நாங்களும் பஸ்ஸில் வந்தோம். அப்படிக் காரை வாங்கி, மாற்றங்களைச் சொல்லாமல் ஓடி, எங்கேயாவது முட்டினால் இன்சூரன்ஸ் கைவிரிக்கலாம்.

இன்சூரன்ஸ் என்றதும் என்ர கதைக்கு வாறேன். அப்ப எனக்கு இருபத்தொரு வயது, லைசன்ஸ் எடுத்து ஆறு மாசம். என்ர பெயரில் கேட்ட விலை காரின்ர விலையில் பாதிக்குக் கிட்ட. "அப்பாவைப் பிரதான சாரதி எண்டு போடு, உன்னை ரெண்டாவதா போடு, எல்லாரும் செய்யிறதுதானே" என்றான் சினேகிதன். எல்லாரும் செய்யிறதுதான். படிவம் நிரப்பி, கடைசி பட்டன் மட்டும் மிச்சம்.

இது மோசடி. பிடிபட்டால் இன்சூரன்ஸே இல்லாமல் ஓடின கணக்கில் போகலாம். அதற்கு ஆறு புள்ளி. லைசன்ஸ் எடுத்து இரண்டு வருசத்துக்குள் ஆறு புள்ளி என்றால் லைசன்ஸ் போய்விடும், எழுத்துப் பரீட்சையிலிருந்து திரும்பத் தொடங்க வேணும். எனக்கு அது பரவாயில்லை. அப்பா மினிகாப் ஓடுகிறவர். அவரின்ர பெயரில் ஒரு இன்சூரன்ஸ் ரத்தானால் பிறகு எந்தக் கம்பனி கேட்டாலும் அதைச் சொல்ல வேணும். என்ர சைலன்சர் சத்தத்துக்கு அவருடைய தொழிலைப் பணயம் வைக்கப் பார்த்திருக்கிறேன். அதையும் அவரிட்டைக் கேளாமல்.

இரண்டு வருசம் ஒரு லீற்றர் காரில், கறுப்புப் பெட்டி பூட்டி, கிழவன் மாதிரி ஓடினேன். பிறகுதான் தேள்.

பெரியப்பாவின்ர கடைசி வாதம், விற்றால் காசு வராது என்பது. அது ஊர்க் கணக்கு. 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தி, தனியார் காருக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். அந்த ஐந்து வருசம் இலங்கையில் பழைய கார் வாங்கின விலையைவிடக் கூட விற்றது. அங்கே கார் ஒரு காணித்துண்டு. இங்கே எந்தக் காருக்கும் பொதுவாக விலை இறங்கத்தான் செய்யும், ரொயோட்டாவுக்கும்தான். எப்படியும் கரையப் போகிற காசை எதில் கரைக்கிறது என்பதை, ஒழுங்காக உழைத்து ஒழுங்காக இன்சூரன்ஸ் கட்டுகிறவன் தானே முடிவெடுக்கலாம்.

அடுத்த மாசம் பெல்ற் மாற்ற வேணும். பெரியப்பாவுக்கு இன்னும் சொல்லேல்லை.