‘அல்லது’ வேறு, ‘இல்லாவிட்டால்’ வேறு

சத்தியத்தை முறித்துவிட்டேன், என்ன செய்வது என்று ஒருவர் கேட்டால், “மூன்று நோன்பு பிடித்துவிடுங்கள்” என்பதே நம்மிடையே உடனே வரும் பதில். கேட்பவர் செல்வந்தராயினும் பதில் மாறுவதில்லை. இப்பதிலை நாம் மறுக்கிறோம்.

அல்குர்ஆன் 5:89 வசனம் இதற்கு வகுத்துள்ள பரிகாரம் பத்து ஏழைகளுக்கு உணவளிப்பது, அல்லது ஆடை அளிப்பது, அல்லது ஓர் அடிமையை விடுவிப்பது. இம்மூன்றையும் இணைக்கும் அரபுச் சொல் ‘அவ்’. இவற்றுள் எதைச் செய்தாலும் கடமை தீரும். ஆனால் நோன்புக்கு முன் ‘அவ்’ இல்லை! இவற்றுக்கு வசதி பெறாதவர் மூன்று நாட்கள் நோன்பு நோற்கட்டும் என்ற நிபந்தனையுடனேயே நோன்பு வருகிறது.

குழப்பத்திற்கு நம் பேச்சுத்தமிழும் ஒரு காரணம். “டீ குடி, இல்லேன்னா காபி குடி” என்கிறோம். “பஸ் இருந்தா வா, இல்லேன்னா நாளைக்கு வா” என்றும் சொல்கிறோம். முன்னது விருப்பம், பின்னது இயலாமை. ஒரே சொல் இரண்டுக்கும் உழைக்கிறது. “பத்துப் பேருக்குச் சோறு கொடு, இல்லேன்னா மூணு நோன்பு பிடி” என்று கேட்டவர், எளிதானதை எடுத்துக்கொள்கிறார்.

குர்ஆனில் ‘அவ்’ என்று வருமிடத்தில் தேர்வுரிமை உண்டு என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் விளக்கியுள்ளார்கள். 2:196 வசனத்தைப் பாருங்கள். இஹ்ராமில் தலையில் தொல்லை ஏற்பட்டு முடியை மழித்தவருக்கு நோன்பு, அல்லது தர்மம், அல்லது பலி. ஹுதைபிய்யாவில் பேன் தொல்லையால் அவதியுற்ற கஅப் பின் உஜ்ரா (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் மூன்று நோன்பு, ஆறு ஏழைகளுக்கு உணவு, ஓர் ஆடு ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சொன்னார்கள். அங்கே செல்வந்தரும் நோன்பைத் தேர்ந்தெடுக்கலாம். அதே வசனத்திலேயே, ஹஜ்ஜுடன் உம்ராவையும் சேர்த்துப் பயன்பெற்றவர் பலிப்பிராணி கிடைக்காவிட்டால் மட்டுமே பத்து நோன்பு நோற்க வேண்டும் என்றும் உள்ளது.

“நோன்பு உயர்ந்த வணக்கமாயிற்றே!” என்பார்கள். உயர்ந்ததே, ஐயமில்லை. ஆயினும் இங்கே பத்து ஏழைகளின் உணவு கடமையாக்கப்பட்டுள்ளது. வசதியுள்ளவர் பசித்திருப்பதால் அவர்கள் வயிறு நிறையாது. அவ்வுணவும் நம் குடும்பத்தாருக்கு நாம் அளிப்பதில் நடுத்தரமானதாக இருக்க வேண்டும் என்கிறது வசனம். வீட்டில் மிஞ்சிய கஞ்சி அதில் சேராது.

வசதியிருந்தும் நோன்போடு நிறுத்திக்கொண்டவர்கள் மீது அப்பரிகாரம் இன்னும் கடமையாகவே இருக்கிறது. பத்து ஏழைகளை இந்த வாரமே தேடுங்கள்.