பின்வரிசைக்குப் போவது தோல்வியா?

மெலோடிக்காவை விட்டுவிட்டு ட்ரம்பெட் பழகப் போகிறேன் என்று நான் வீட்டில் சொன்ன அன்று உம்மா கேட்ட முதல் கேள்வி, "ஆறு வருஷம் பழகினதெல்லாம் வீணாப் போகுமே மகள்?" என்பதுதான். வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. உயர்தரத்துக்குப் படிக்கிற பிள்ளைக்கு இது தேவையா என்று அவர் முகம் கேட்டது.

அவர்களில் பிழையில்லை. தரம் 6 இல் பாடசாலை பேண்ட் வாத்தியக் குழுவில் சேர்ந்தேன். சாதாரண தரப் பரீட்சை எழுதும்போது மெலோடிக்கா அணிக்கு நான்தான் பொறுப்பு. முன்வரிசையில் வலது ஓரம் என் இடம். இல்ல விளையாட்டுப் போட்டியிலும் பரிசளிப்பு விழாவிலும் உம்மா என்னைத் தேட வேண்டியதே இல்லை. அந்த இடத்தை விட்டுவிட்டு, தரம் 8 பிள்ளைகளோடு பின்வரிசையில் நின்று முதலிலிருந்து தொடங்கப் போகிறேன் என்றால் எந்தத் தாய்தான் கேட்கமாட்டார்?

ஏன் மாறினேன்? ட்ரம்பெட்டின் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. அது மட்டும்தான் காரணம்.

மெலோடிக்காவில் ஊதிக்கொண்டு ஒரு கட்டையை அழுத்தினால் அதற்குரிய ஸ்வரம் வந்துவிடும். உள்ளே இருக்கும் உலோக நாக்கு அதிர்ந்து அந்த வேலையைச் செய்துவிடுகிறது. ட்ரம்பெட்டில் அப்படி இல்லை. ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் நீளமான ஒரு குழாயைச் சுருட்டி வைத்திருக்கிறார்கள். வால்வுகள் மூன்றே மூன்று. அதிர வேண்டியது நமது உதடுதான். ஒரு வால்வையும் அழுத்தாமலே கீழ் டோ, ஸோ, மேல் டோ என்று பல ஸ்வரங்கள் அதில் இருக்கின்றன. எது வரவேண்டும் என்பதை உதடும் மூச்சும் தீர்மானிக்கின்றன. விரல் சரியாக இருந்தும் ஸ்வரம் பிழையாக வரலாம்.

முதல் வாரம் எனக்குக் காற்று மட்டுமே வந்தது. இரண்டாவது வாரம் சத்தம் வந்தபோது, "ராத்தா, மாடு கத்துது" என்று தம்பி வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். மௌத்பீஸை உதட்டில் அழுத்தி அழுத்தி வட்டமாகத் தழும்பு விழுந்தது. அதைக் கண்ட தரம் 8 பிள்ளை ஒருத்தி, "ராத்தா, இவ்வளவு அழுத்தினா உதடு அதிராது, காத்தை வயித்திலிருந்து எடுங்க" என்றாள். முந்தின வருடம் நான்தான் அவளுக்கு அணிநடையில் கால் மாற்றுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தேன். அன்று எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் சொன்னது சரி.

நோன்பு மாதத்தில் பயிற்சி இல்லை. பெருநாள் முடிந்து வந்து ஊதினால் உதட்டில் பலமே இல்லை. மறுபடியும் காற்று.

இவ்வளவுக்கும் பிறகு உம்மாவின் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. ஆறு வருடம் வீணாகவில்லை. இசைக்குறிகளை வாசிக்க எனக்கு யாரும் மறுபடி சொல்லித்தரவில்லை. தாளம் எண்ணுவது, மற்றவர்களின் வாத்தியத்தைக் கேட்டுக்கொண்டே நம்முடையதை வாசிப்பது, வெயிலில் ஒரு மணித்தியாலம் அசையாமல் நிற்பது, எல்லாம் என்னோடு வந்தன. நான் விட்டுவிட்டு வந்தது மெலோடிக்காவையும் முன்வரிசை இடத்தையும் மட்டுமே.

பெரியவர்களும் மாறியிருக்கிறார்கள். உலகம் ட்ரம்பெட்டோடு சேர்த்து நினைக்கும் லூயிஸ் ஆம்ஸ்ட்ரோங் முதலில் பழகியது கோர்னெட். அதில் பெயர் எடுத்த பிறகுதான், 1920களில், ட்ரம்பெட்டுக்கு மாறினார். இரண்டும் நெருங்கிய வாத்தியங்கள்தான். ஆனாலும் பெயர் தந்த ஒன்றைக் கீழே வைக்க அவர் பயப்படவில்லை.

இசை பற்றி மார்க்க அறிஞர்களிடையே வேறுபட்ட கருத்துகள் இருக்கின்றன. பேண்டில் பிள்ளையைச் சேர்க்காத பெற்றோரும் எங்கள் பாடசாலையில் உள்ளனர். அவர்கள் முடிவை நான் மதிக்கிறேன். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். ஏனென்றால் நான் பேச வந்தது வாத்தியத்தைப் பற்றி மட்டுமல்ல.

என் தோழி ஒருத்தி நல்ல பெறுபேறு எடுத்ததால் உயிரியல் பிரிவில் சேர்க்கப்பட்டாள். 'சேர்ந்தாள்' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. மூன்று மாதம் போய்விட்டது. அவளுக்கு விருப்பம் கணக்கியலில். இடைவேளையில் வர்த்தகப் பிரிவுப் பிள்ளைகளின் கொப்பியை வாங்கிப் பார்த்துக்கொண்டிருப்பாள். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. "டொக்டராகப் போறா என்று வாப்பா ஊர் முழுக்கச் சொல்லிட்டார், இப்ப எப்படிச் சொல்றது?" என்கிறாள். இன்று மாறினால் அவள் இழப்பது மூன்று மாதம். பயந்து இருந்துவிட்டால் எத்தனை வருடம் என்று யாருக்குத் தெரியும்?

மாறுவதெல்லாம் நல்லது என்று நான் சொல்லவரவில்லை. கடினமாக இருக்கிறது என்பதற்காகத் தவணைக்கு ஒன்று மாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அது ஓடுவது. எனக்குள் நான் இரண்டு கேள்விகள் கேட்டுக்கொண்டேன். பழையதில் என் பொறுப்பை முடித்துவிட்டேனா? புதியது பழையதைவிடக் கடினமாக இருந்தாலும் எனக்கு வேண்டுமா? முதல் கேள்விக்காக, என் இடத்துக்கு வரவேண்டிய தங்கச்சிக்கு ஒரு தவணை முழுக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டே மெலோடிக்காவைக் கீழே வைத்தேன். இரண்டாவதற்கான பதிலை உதட்டுத் தழும்பு சொல்லும்.

படிப்பு பற்றிய வாப்பாவின் கவலையும் நியாயமானது. அதனால் நாளுக்கு இருபது நிமிடம், அஸருக்குப் பிறகு, அவ்வளவுதான் என்று அவரோடு பேசி ஒத்துக்கொண்டேன். பரீட்சை நெருங்கும் தவணையில் பேண்டை விட்டு நிற்பேன் என்றும் சொல்லியிருக்கிறேன். மாற விரும்பும் பிள்ளை அழுது அடம்பிடிப்பதைவிட, இப்படிக் கணக்கோடு போய்ப் பேசுவது நல்லது என்பது என் அனுபவம்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை 'மாறப்போகிறேன்' என்று வந்தால், 'வீணாப் போகுமே' என்பதற்கு முன் 'ஏன்' என்று கேளுங்கள். ஊருக்குப் பதில் சொல்வது சில நாள் வேலை. பிடிக்காததைச் சுமப்பது பிள்ளைக்குப் பல வருட வேலை.

இந்த வருட இல்ல விளையாட்டுப் போட்டியில் நான் பின்வரிசையில் நின்றேன். கல்லூரிக் கீதத்தின் உயர்ந்த இடத்தில் என் ஸ்வரம் உடைந்தது. மைதானம் முழுக்கக் கேட்டிருக்கும். வீடு திரும்பும் வழியில் வாப்பா நெடுநேரம் பேசாமல் வந்தார். பிறகு, "அந்த ரெண்டாவது அடியிலதானே உடைஞ்சது? நாளைக்கு அத மட்டும் திரும்பத் திரும்ப ஊதிப் பாரு" என்றார்.

எந்த அடி என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மறுநாள் அஸருக்குப் பிறகு அதைத்தான் ஊதினேன்.