சட்டம் இருக்கிறது, வார்ப்புரு இல்லை

நாள் முழுக்கப் பொட்டி தட்டிவிட்டு வந்து, வீட்டிலும் பொட்டி தட்டுவதில்லை என்று ஒரு கொள்கை வைத்திருந்தேன். மூணாறுப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளியில் வேலை பார்க்கும் டீச்சர் ஒருவரால் அந்தக் கொள்கை போன மாதம் காற்றில் பறந்தது. எனக்கு உறவு முறையில் அக்கா. ஆனாலும் ஊரே டீச்சர் என்று கூப்பிடுவதால் எனக்கும் டீச்சர்தான்.

"தம்பி, 140 பிள்ளைங்களுக்கு முன்னேற்ற அறிக்கை எழுதணும். மார்க் எல்லாம் எக்செல்ல இருக்குது. ஆனா அறிக்கை தமிழ்ல வேணும். அம்மாமாருக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. போன தடவை கையால எழுதி விரலே வீங்கிப் போச்சு."

ஆபீஸில் நான் வாராவாரம் செய்வதே இந்த வேலைதான். எக்செல்லில் இருந்து எண்களை எடுத்து, பைத்தான்-டாக்ஸ் என்ற நூலகத்தை வைத்து வேர்டு கோப்பாக அறிக்கை தயாரிப்பது. ஆங்கிலத்தில். "அரை மணி நேர வேலை டீச்சர்" என்று அளந்துவிட்டேன். மூன்று ராத்திரி போனது. :-)

முதல் தப்பு, நேராக பிடிஎஃப் போட்டது. பொய்ப் பெயர்கள் போட்டு ஒரு மாதிரி அனுப்பினேன். டீச்சர் போனில் சிரிக்கிறார். "பிள்ளை பேரு இருக்கட்டும், 'பெயர்'ங்கிற சொல்லே 'பயெர்'னு இருக்குதே தம்பி!"

காரணம் இதுதான். யூனிகோடில் 'பெ' என்பது முதலில் ப, அதற்குப் பிறகு ஒற்றைக்கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவருவது ஹார்ஃப்பஸ் மாதிரியான வடிவமைப்பு நிரலியின் வேலை. அது இல்லாமல் எழுதும் பிடிஎஃப் நூலகம் ப-வை வைத்து, அடுத்துக் கொம்பை வைத்து, அதற்கடுத்து ய-வை வைக்கும். கொம்பு பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். ஆங்கிலம் மட்டுமே தெரிந்தவர் சோதித்துப் பார்த்தால் இது கண்ணிலேயே படாது. எழுத்துகள் எல்லாம் இருக்கின்றன, பெட்டி பெட்டியாக எதுவும் வரவில்லை, பாஸ்! இப்போது வடிவமைப்பைச் சேர்த்துக்கொள்ளும் பிடிஎஃப் நூலகங்களும் வந்துவிட்டன. ஆனால் பலவற்றில் அதை நாமேதான் முடுக்கிவிட வேண்டும்.

அடுத்து வேர்டு கோப்புக்கு வந்தேன். இதில் கொம்புத் தொல்லை இல்லை, அதைத் திறக்கிற மென்பொருளே பார்த்துக்கொள்ளும். ஆனால் நான் சொன்ன எழுத்துருவில் தமிழ் வரவில்லை, தடித்த எழுத்து தடிக்கவில்லை, தலைப்பு பெரிதாகவில்லை. ஆங்கிலம் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்டது. மண்டை காய்ந்து, கோப்பைப் பிரித்தே பார்த்துவிட்டேன். (டாக்ஸ் கோப்பு என்பது உள்ளே எக்ஸ்எம்எல் வைத்துக் கட்டிய ஒரு ஜிப் மூட்டை.) எழுத்துருவுக்கு அங்கே நான்கு அறைகள் இருக்கின்றன. இரண்டு லத்தீன் எழுத்துகளுக்கு, ஒன்று கிழக்காசிய மொழிகளுக்கு, ஒன்று 'சிக்கலான எழுத்துமுறை'களுக்கு. தமிழ் போகும் அறை அந்த நாலாவது. பைத்தான்-டாக்ஸில் எழுத்துருவின் பெயரைக் கொடுத்தால் அது நிரப்புவது முதல் இரண்டை மட்டும். அளவும் அப்படியே. தடிப்புக்குத் தனியாக ஒரு வழி உண்டு. எழுத்துருவுக்கும் அளவுக்கும் நாமே எக்ஸ்எம்எல்லில் கைவைத்து எழுத வேண்டும். அளவை அரைப் புள்ளிக் கணக்கில் சொல்ல வேண்டும், 12 புள்ளி என்றால் 24. பத்து வரி வேலை. தெரியாவிட்டால் மூன்று ராத்திரி.

கடைசிச் சிக்கல் எழுத்துரு. கேரளப் பள்ளிகளில் லினக்ஸும் லிப்ரே ஆபீஸும்தான் ஓடுகின்றன. விண்டோஸோடு வரும் லதாவும் நிர்மலாவும் அங்கே கிடையாது. மீரா இனிமை என்ற இலவச எழுத்துருவைப் போட்டோம். அதை உருவாக்கியவர்கள் யார் தெரியுமா? சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் அமைப்பினர். மலையாள எழுத்துருக்காரர்கள் தமிழுக்குச் செய்து கொடுத்தது. எல்லைப் பகுதியில் எதற்கெடுத்தாலும் மொழிச் சண்டைதான் என்று நினைப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நிரலை டீச்சரின் பள்ளி மடிக்கணினியிலேயே ஓட்டினோம். பிள்ளைகளின் மார்க் மூணாறை விட்டு வெளியே போகவில்லை. இரண்டு நிமிடத்தில் 140 அறிக்கைகள்.

இனி என் கருத்துக்கு வருகிறேன்.

தேவிகுளமும் பீருமேடும் சித்தூரும் 1956-இல் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது கேரளத்தில் நின்றுவிட்டவை. அங்குள்ள தமிழர்களை அந்த மாநிலச் சட்டம் மறந்துவிடவில்லை. 1969-ஆம் வருட ஆட்சிமொழிச் சட்டத்திலேயே தமிழ், கன்னடச் சிறுபான்மையினருக்கு இடம் இருக்கிறது. மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களின் அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும். உரிமை காகிதத்தில் உண்டு. பதில் எழுத உட்காரும் குமாஸ்தாவின் கணினியில் தமிழ் வார்ப்புரு உண்டா என்பதுதான் கேள்வி. அவருக்குத் தமிழ் மேல் கோபம் ஒன்றும் இருக்க வேண்டியதில்லை. இருக்கிற மலையாள வார்ப்புருவில் பெயரை மாற்றி அச்சடிப்பது சுலபம், அவ்வளவுதான். பல உரிமைகள் பறிபோவது இப்படித்தான், யாரும் பறிக்காமலே.

இது சின்ன விஷயம் இல்லை. 2015 செப்டம்பரில் மூணாறில் தேயிலைத் தோட்டப் பெண்கள் 'பொம்பிளை ஒருமை' என்று திரண்டு ரோட்டில் உட்கார்ந்தது போனஸைக் குறைத்ததற்காக. முடிவில் 20 சதவீதம் கிடைத்தது. ஆனால் அது 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கருணைத்தொகை என்று இரண்டாகப் பிரிந்து வந்தது. இப்படி ஒரு கணக்கைப் படிக்கத் தெரியாத மொழியில் அச்சடித்துக் கொடுத்தால், வாங்குகிறவர் யாரோ சொல்வதை நம்பத்தான் வேண்டும்.

ஒரு நியாயமான மறுப்பு உண்டு. "இயந்திரம் போட்ட தமிழில் தப்பு வந்தால்?" வரும். மனிதன் போட்டதிலும் வந்திருக்கிறது. 2021 மே மாதம் தேவிகுளம் எம்.எல்.ஏ. ஆ.ராஜா சட்டமன்றத்தில் தமிழில் பதவியேற்றார். மொழிபெயர்த்துக் கொடுத்த வாசகத்தில் 'கடவுளின் பெயரால்' என்றோ 'உளமார' என்றோ வர வேண்டிய சொல் விடுபட்டிருந்தது. ஜூன் 2-ஆம் தேதி மறுபடி உறுதிமொழி எடுக்க வேண்டியதாயிற்று. வார்ப்புருவின் குணம் இது. ஒரு முறை சரி பார்த்தால் ஆயிரம் பேருக்குச் சரி, ஒரு முறை கோட்டை விட்டால் ஆயிரம் பேருக்கும் தப்பு. அதனால் வார்ப்புருவை எழுதுவதும் சரிபார்ப்பதும் அந்த ஊர்த் தமிழ் தெரிந்தவராக இருக்க வேண்டும். நிரலாளர் அல்ல, டீச்சர். நான் 'அரையாண்டுத் தேர்வு அடைவுநிலை' என்று பெருமையாக எழுதியிருந்ததை, "அரைப் பரீட்சை மார்க்குன்னு போடு, அப்பத்தான் விளங்கும்" என்று வெட்டிவிட்டார்.

இன்னொன்று. அறிக்கையைக் கைவைக்க முடியாத பிடிஎஃப்பாகப் பூட்டாதீர்கள். நாற்பதுக்குக் கீழே மார்க் வாங்கியவர்களுக்கு "கணக்கில் கூடுதல் கவனம் தேவை" என்று என் நிரல் எழுதும். ஒரு பையனுக்கும் அப்படித்தான் எழுதியது. டீச்சர் வேர்டு கோப்பைத் திறந்து அந்த வரியை அழித்து, "அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோதும் விடாமல் பள்ளிக்கு வந்தான்" என்று தட்டினார். எக்செல்லில் அதற்குப் பத்தி கிடையாது. மற்ற 139 அறிக்கைகளை இயந்திரம் போட்டதால்தான் இந்த ஒன்றுக்கு அவரிடம் நேரம் இருந்தது. இயந்திரம் செய்ய வேண்டிய உதவி அவ்வளவுதான் என்று எனக்குப் படுகிறது.

நம்மில் பலர் வெளியூரில் உட்கார்ந்து அடுத்தவன் மொழியில் அறிக்கை போட்டுத்தான் சம்பளம் வாங்குகிறோம். உங்கள் ஊர் பஞ்சாயத்திலோ பள்ளியிலோ கூட்டுறவு சங்கத்திலோ அடிக்கடி அச்சாகும் ஒரு படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். அதற்கு ஒரு தமிழ் வார்ப்புரு செய்து கொடுங்கள். அந்த நாலாவது அறையை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

பி.கு: அரை மணி நேரம் என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிட வேண்டாம். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து இன்னொரு டீச்சர் இப்போது போன் செய்திருக்கிறார். அவருக்கு 210 பிள்ளைகளாம்.