ஊசிப் பேனாவில் தமிழ் எழுத்து கூடாதா?

இன்சுலின் பேனா இப்போது பல வீட்டு ஃபிரிட்ஜில் தயிர் கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பெரியவர்களுக்கு அதைப் போட்டு விடுவதும் பெரும்பாலும் நம்மைப் போன்ற இல்லத்தரசிகள்தான். ஆனால், அதில் ஒட்டியிருக்கும் லேபிள் நமக்காக அச்சடித்த மாதிரி தெரியவில்லையே!

என் மாமியாருக்கு இரண்டு பேனா. சாப்பாட்டுக்கு முன் ஒன்று, ராத்திரிக்கு ஒன்று. பார்க்க இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி. பெயரோ எறும்பு சைஸில், அதுவும் இங்கிலீஷில். ராத்திரி அளவை, வேகமாக வேலை செய்யும் மருந்தில் மாற்றிப் போட்டுவிட்டால், தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கி உயிருக்கே ஆபத்தாகிவிடும். அடையாளத்துக்கு ராத்திரி பேனாவில் ரப்பர் பேண்டு சுற்றி வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. நம் நாட்டில் பாட்டில் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் 100 யூனிட். அவசரத்துக்குப் பேனா மருந்தை சிவப்பு மூடி போட்ட 40 யூனிட் சிரிஞ்சில் உறிஞ்சிப் போட்டால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். பெரிதாகத் தெரிய வேண்டிய இந்த நம்பர்தான் பொடி எழுத்துக்குள் ஒளிந்து கிடக்கிறது.

'மாநிலத்துக்கு ஒரு லேபிள் அடித்தால் கட்டுப்படியாகுமா?' என்பார்கள். மருந்து பேக்கிங்கில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் சொல்வதைக் கேட்டால் அந்தச் சாக்கு செல்லாது. ஒட்டுகிற மெஷினே ஒட்டும் நேரத்தில் பேட்ச் நம்பர், காலாவதி தேதியோடு வேண்டிய வரியையும் அடித்து விடுகிறதாம். கேமரா ஒவ்வொன்றாகப் பார்த்து, தப்பானதைத் தள்ளிவிடுமாம். சில நூறு பேனா என்றாலும் சில பாகங்களை மாற்றி, வேறு லேபிளுக்குப் போய்விடலாமாம். புது மருந்தைப் பல நாடுகளில் சோதனை செய்யும்போது அந்தந்த நாட்டு மொழியில் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டி அனுப்புகிறார்களே, சோதனைக்கு முடிவது விற்பனைக்கு முடியாதா?

2023 ஆகஸ்ட் 1 முதல் 300 மருந்து பிராண்டுகளுக்கு கியூ.ஆர். கோடு கட்டாயம் ஆக்கினார்கள். நல்லதுதான். போலியைக் கண்டுபிடிக்க உதவும். ஆனால், கண் மங்கிய மாமியார் ராத்திரி செல்போனைத் தேடி, கோடைப் பிடித்துப் படிப்பாரா?

தமிழில் பெரிய எழுத்தில் பெயர், யூனிட், வேக மருந்தா மெதுவானதா என்று ஒரு வரி. திறந்த தேதியை எழுத ஒரு சின்னக் கட்டம். பல இன்சுலின்களைத் திறந்தபின் 4 வாரம்தான் வைத்துக்கொள்ளலாம். இவ்வளவுதான் கேட்கிறோம். தோழிகளே, உங்கள் வீட்டில் எப்படி அடையாளம் வைத்திருக்கிறீர்கள்? எழுதுங்களேன்.

- ஒரு வாசகி, மயிலாடுதுறை.