ஓட்டிசம் உள்ள பிள்ளையுடன் ஊருக்குப் போகலாம், மறைக்காமல்

"டொக்டர், பிள்ளைக்கு ஓட்டிசம். ஊருக்குக் கூட்டிக்கொண்டு போகலாமோ?" கோடை விடுமுறை நெருங்கினால் எமது பெற்றோர் சிலர் என்னிடம் இப்படிக் கேட்பதுண்டு. தாராளமாகப் போகலாம். ஆனால் பிள்ளையின் நிலையை மறைத்துக்கொண்டு போகக்கூடாது என்பதே எனது கருத்து.

முதலில் விமான நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். பிரித்தானியச் சட்டப்படி விமான நிலைய உதவி இலவசமானது. வெளியில் தெரியாத குறைபாடுகளுக்கும் அது உண்டு. குறைந்தது 48 மணித்தியாலங்களுக்கு முன்பே அறிவித்துவிடுங்கள். 2016இல் கற்விக் விமான நிலையத்தில் தொடங்கிய சூரியகாந்திப் படம் போட்ட கழுத்துப்பட்டி இன்று ஹீத்ரோவிலும் இலவசமாகக் கிடைக்கிறது. வைத்தியர் கடிதம் தேவையில்லை. அதைப் போட்டால் வரிசையைத் தாண்டிப் போகலாம் என்று நினைக்கவேண்டாம். ஆனால் இந்தப் பிள்ளைக்குப் பொறுமையும் கூடுதல் நேரமும் வேண்டும் என்பதை ஊழியர்கள் அறிந்துகொள்வார்கள்.

பயணக் காப்புறுதி எடுக்கும்போதும் மறைக்காதீர்கள். பின்னர் இழப்பீடு கிடைக்காமல் போகலாம். மருந்துகளை அவற்றின் பெட்டியுடனேயே கைப்பையில் வையுங்கள். மெதைல்பெனிடேற் போன்ற கட்டுப்பாடுள்ள மருந்து என்றால் வைத்தியர் கடிதம் எடுத்து, போகும் நாட்டின் தூதரகத்திலும் விசாரியுங்கள்.

விமானம், அம்மம்மாவின் வீடு, படுக்கும் அறை ஆகியவற்றின் படங்களைப் பல நாட்களுக்கு முன்பிருந்தே பிள்ளைக்குக் காட்டுங்கள். வழமையாகச் சாப்பிடும் உணவில் கொஞ்சம் கொண்டுபோங்கள். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். இறங்கிய கையோடு வான் பிடித்து ஓடாமல் நீர்கொழும்பில் ஓர் இரவு தங்கலாம். நல்லூர்த் திருவிழாக் காலமென்றால் சனம் குறைந்த நேரத்தில் கோயிலுக்குப் போங்கள்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது சொந்தக்காரருக்குச் சொல்வதுதான். "நாலு சனம் என்ன சொல்லும், மூத்தவளின் கலியாணப் பேச்சுக் குழம்பிவிடுமே" என்று பயந்து, ஊர்ப் பயணத்தையே கைவிடும் குடும்பங்கள் உண்டு. ஓட்டிசம் மூளை வளர்ச்சியில் உள்ள ஒரு வேறுபாடு. அது வளர்ப்பின் பிழையுமல்ல, கிரகதோஷமுமல்ல. பிள்ளை கட்டியணைப்பதை விரும்பாமல் இருக்கலாம், பேரிரைச்சலுக்குக் காதைப் பொத்திக்கொண்டு அழலாம். இது முன்பே தெரிந்திருந்தால் வீட்டார் உதவுவார்கள். தெரியாவிட்டால் "செல்லம் கொடுத்துக் கெடுத்துப்போட்டினம்" என்பார்கள். அந்தச் சொல்லின் பாரம் பெரும்பாலும் தாயின் தலையில்தான் விழுகிறது.

ஊரில் பேத்தி பேரனைக் காணக் காத்திருப்பவர்களுக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது. ஆகவே ரிக்கற் போடுவதற்கு முன் அம்மம்மாவுக்கு ஒரு போன் எடுத்து, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.